இன்னும் ஒரு கட்டை

"உன்னால காலை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியும்?" என்று டேரல் கேட்டபோது அதை அன்பு என்று நினைத்தேன். பாதி ஆயுளை ஸ்கூல் பஸ் ஓட்டியே கழித்தவள் நான். எந்தப் பையன் பின் சீட்டில் சூயிங்கம் ஒட்டினான் என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கட்டின புருஷன் விஷயத்தில் மட்டும் அசடாக இருந்துவிட்டேன்.

இடது இடுப்பு மூட்டை மாற்றி, கைத்தடியை விட்டிருந்த புதிது. கராஜில் கிடந்த தடித்த மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னான். ஏறினேன். ஐந்தாவது கட்டையில் கால் வைத்தபோது வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறாவதுக்குக் கால் எழும்பவே இல்லை. ஐந்தாவது கட்டையின் உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

"எதுக்கு இந்தப் பரீட்சை?"

"ஜீப்பைத் தூக்கப் போறேன் நோரீன். லிஃப்ட் கிட் போட்டாத்தான் பெரிய டயர் மாட்ட முடியும். நீ ஏறுற உயரம் தெரிஞ்சாத்தானே எந்த சைஸ்னு முடிவு பண்ணலாம்."

அன்றைக்கு அவனுக்குப் பிடித்த பீச் பழம் வைத்த பை பலகாரம் சுட்டுக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த மாவை அவன் தலையில் கொட்டியிருக்கலாம்.

எங்கள் பழைய செரோக்கி ஜீப்புக்கு எங்கள் மகளைவிட இரண்டு வயது கூட. மகள் டென்வர் பக்கம் போய்விட்டாள், ஜீப் போகவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் அந்த ஒரு வாரத்தில் அதில் ஏறி ஹேம்லின் கணவாய்க்குப் போவோம். கணவாய்க்குக் கீழே ஒரு பாறைப்படி இருக்கிறது. வண்டியின் அடிவயிற்றில் இருப்பதையெல்லாம் பிடுங்கிவிடும் என்பதால் அதற்கு எங்கள் ஊரில் 'பல் டாக்டர்' என்று பேர். அங்கே யாராவது இறங்கி முன்னால் நின்று, சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று கையால் காட்ட வேண்டும். ஓட்டுகிறவனுக்குப் பாறை தெரியாது, கை மட்டும்தான் தெரியும். டேரலுக்கு அந்தக் கைகாட்டி நான். ஒரு தடவைகூட அவன் வண்டியில் கீறல் விழ விட்டதில்லை.

இது ஜீப் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் வினையாகிவிட்டது. கிளப் தலைவன் கிப்புக்கு வாய் நீளம். "டேரல், வண்டியை நீ ஓட்டுறியா, நோரீனோட விரல் ஓட்டுதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். டேரலும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்தபிறகு என்னோடு பேச மாட்டான்.

கிட் போட்டு ஜீப் திரும்பி வந்தது. கதவுக்குக் கீழே போய் நின்றேன். நான் ஏறுகிற உயரத்துக்கு மேலே சரியாக ஒரு கட்டை.

"கணக்கு கொஞ்சம் தப்பிடுச்சு," என்றான். முகத்தில் வருத்தம்கூட இருந்தது. "இன்னும் ஒரு கட்டைதானே. பழகிக்கோ. நீ ஏறிட்டா செப்டம்பர்ல ஒண்ணா மலைக்குப் போகலாம்."

பழகினேன். துணி துவைக்கிற அறையில் கட்டைகளை அடுக்கி, டிரையரைப் பிடித்துக்கொண்டு தினமும் ஏறி இறங்கினேன். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் திட்டினாள். "உங்களுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்றாள். அவசரம்தான். மஞ்சள் இலை எனக்காகக் காத்திருக்காது. சில நாள் இறங்கிய பிறகு டிரையர்மேல் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருப்பேன், அது ஓடினால் சூடாக இதமாக இருக்கும். ஜூன் முடிவதற்குள் ஆறாவது கட்டையில் இரண்டு காலையும் வைத்து நின்றேன். எனக்கே என்மேல் அப்படி ஒரு பெருமை.

அவனிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை கிளப் ஆட்கள் எங்கள் முற்றத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நேராகப் போய் ஜீப்பின் கதவைத் திறந்தேன், பிடியைப் பிடித்தேன், ஏறி உட்கார்ந்தேன். யாரோ கைதட்டினார்கள். நான் டேரலைப் பார்த்தேன். சாப்பாட்டில் முடி கிடந்ததுபோல் இருந்தது அவன் முகம்.

"என்னப்பா டேரல்," என்றான் கிப், "கைகாட்டி திரும்பி வந்துடுச்சு போலிருக்கே."

அடுத்த வாரமே ஜீப் மறுபடி எலாய் ஆர்ச்சுலெட்டாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. எலாய் என் பஸ்ஸில் ஏறி வளர்ந்தவன். இப்போது அவன் தாடி நரைத்துவிட்டது, இன்னும் 'நோரீன் மிஸ்' என்றுதான் கூப்பிடுவான். பச்சை மிளகாய் போட்ட பரிட்டோ ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். ஜீப் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புது டயர்கள் என் இடுப்பு உயரத்துக்கு நின்றன.

"எதுக்கு எலாய் மறுபடியும்?"

"நானும் அதைத்தான் மிஸ் கேட்டேன். முதல்ல போட்ட மூணு இன்ச் கிட்டும் முப்பத்தொண்ணு இன்ச் டயரும் இந்தக் கிழட்டு வண்டிக்கு அளவாத்தான் இருந்துது. இதுக்கு மேல தூக்கினா சரிவுல ஆடும், இன்ஜின் இழுக்காது, பிரேக்கும் சரியா நிக்காதுன்னு தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

எலாய் பரிட்டோவைப் பிரித்தான், மறுபடி மூடினான். "அவர் பாறையைப் பத்தியே கேக்கலை மிஸ். எந்த கிட், எந்த டயர்னும் கேக்கலை. கதவோட கீழ்விளிம்பு ஏழு கட்டைக்கு மேல வரணும், அதுக்கு எது போடணுமோ போடுன்னார். ஏழு கட்டைன்னா என்னன்னே எனக்குப் புரியலை. கையால அளந்து காட்டினார்."

"ஏன் ஏழாம்?"

"நீங்க ஆறு ஏறிட்டீங்களாமே."

அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். எலாய் தண்ணீர் கொண்டு வந்தான்.

"மடக்குப் படி ஒண்ணு இருக்கு மிஸ். ஏறும்போது இறக்கிக்கலாம், பாறையில மடக்கிக்கலாம். போட்டுடவான்னு கேட்டேன். வேண்டாம்னா வேண்டாம்னுட்டார்."

அன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டேன். "நான் ஏறக் கூடாதுன்னுதானே என் காலை அளந்தே?"

அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் அதிலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னான்: "ஆமா. இத்தனை வருஷம் உன் விரலைப் பாத்து ஓட்டிட்டேன். நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்பதான் முதல் தடவையா நிம்மதியா மலைக்குப் போனேன். அந்த நிம்மதி எனக்கு வேணும், நோரீன்."

"வராதேன்னு வாயால சொல்லியிருக்கலாமே. நான் டிரையரைப் பிடிச்சுக்கிட்டுத் தினமும் செத்துப் பிழைச்சேனே."

"சொன்னா கேப்பியா நீ? கால் கேக்கலைன்னா நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வெறுப்பு வந்தது. அது வந்தபிறகு மனசு ரொம்பத் தெளிவாகிவிட்டது. அவன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன்.

செப்டம்பரில் கிளப் மலைக்குக் கிளம்பியது. நான் எலாயின் பிக்கப்பில் போனேன். அது தாழ்வான வண்டி, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடலாம். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கிற விஞ்ச், சங்கிலி எல்லாம் ஏற்றிக்கொண்டு வருஷா வருஷம் அவன் கூடப் போவது வழக்கம். பல் டாக்டருக்கு எதிரே, பாறை முழுதும் தெரிகிற இடமாகப் பார்த்து என் மடக்கு நாற்காலியைப் போட்டான். மரங்கள் அத்தனையும் பொன்னாக நின்றன. நான் அவற்றைப் பார்க்க வரவில்லை.

"நாற்காலியோட வந்துட்டீங்களா நோரீன்?" என்றான் கிப். "நல்லது. சினிமா பாக்குற மாதிரி உக்காந்து பாருங்க. இன்னிக்கு நான் கைகாட்டுறேன்."

டேரல் என்னைப் பார்க்கவில்லை. ஜீப் ஒட்டகம்போல் ஆடி ஆடி இறங்கியது. கிப் வலப்பக்கம் போகச் சொல்லிக் கை வீசினான். அங்கே பாறைக்குப் பின்னால் ஒரு குழி இருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பழைய உயரத்தில் அந்தக் குழி ஒரு குலுக்கலோடு போய்விடும். இந்த உயரத்தில் போகவில்லை. வலது சக்கரங்கள் உள்ளே இறங்க, ஜீப் அப்படியே வலப்பக்கம் சாய்ந்து ஒரு பெரிய கல்லில் தோளைச் சாய்த்து நின்றுவிட்டது. இடது சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில். டேரல் உட்கார்ந்து ஓட்டிய அந்த இடப்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"சங்கிலி எடுத்துட்டு வர்றோம்," என்று கத்திவிட்டு கிப்பும் எலாயும் பிக்கப்பை நோக்கி ஓடினார்கள்.

பயப்பட ஒன்றும் இல்லை. கல் தாங்கிக்கொண்டிருந்தது. அவன் செய்ய வேண்டியது சும்மா உட்கார்ந்திருப்பதுதான். டேரல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கை காட்ட யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தான்.

நான் கையை முஷ்டியாக மூடி உயர்த்தினேன். அப்படியே இரு, அசையாதே என்று அர்த்தம். அது சரியான சைகை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அதைத்தான் காட்டியிருப்பார்கள். இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் அவன் அதற்கு நேர்மாறாகச் செய்வான் என்பதும் எனக்குத் தெரியும். முஷ்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன்.

அவன் கதவை மேலே தள்ளித் திறந்தான். ஒரு காலை வெளியே போட்டு, தரை எங்கே இருக்கிறது என்று தேடினான். காலுக்குத் தரை அகப்படவில்லை. காசு கொடுத்து வாங்கின உயரம் அல்லவா அது. குதித்தான்.

எலும்பு உடைந்த சத்தம் என் நாற்காலி வரைக்கும் கேட்டது.

மீட்புக்காரர்கள் வரும்வரை அவனைக் கம்பளியில் படுக்க வைத்திருந்தோம். அதற்குள் எலாய் விஞ்சை மாட்டி ஜீப்பை நிமிர்த்தி, உள்ளே ஏறி உட்கார்ந்து, "நோரீன் மிஸ்," என்று கூப்பிட்டான். நாற்காலியை விட்டு எழுந்து போய் நின்றேன். இடது, இன்னும் இடது, நில், வா. ஒரு உரசல் இல்லாமல் ஜீப் கீழே வந்துவிட்டது. கிப் குனிந்து சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தான். டேரல் கம்பளியில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இடது இடுப்பு, அவனுக்கு வலது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஆள் ரொம்ப இறங்கிவிட்டான். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிற்பான். நிமிர்ந்து ஜீப்பைப் பார்ப்பான். கிளப்பிலிருந்து யாரும் வரவில்லை. பனி கரைந்து பாதை திறந்ததும் மெல்ல என்னிடம் கேட்டான்.

"எலாய்கிட்ட சொல்லி வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிடலாமா? எனக்கு ஒரு தடவை மேலே போகணும்போல இருக்கு. வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடிக்குது."

"பாக்கலாம்," என்றேன்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "அந்த மடக்குப் படியைப் போட்டுடு எலாய்," என்றேன்.

"ரெண்டு பக்கமும்தானே மிஸ்?"

"ஓட்டுற பக்கம் மட்டும்."

"அது ஜோடியாத்தான் வரும்."

"இன்னொண்ணை நீயே வெச்சுக்கோ."

எலாய் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து வேலையை ஆரம்பித்தான்.

மறுநாள் துணி துவைக்கிற அறையிலிருந்து கட்டைகளைக் கொண்டுவந்து கராஜில் போட்டு, முதல் இரண்டை மட்டும் அடுக்கினேன். டேரலைக் கூப்பிட்டேன்.

"உன்னால காலை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியும்?"

அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. வாக்கரை விட்டுச் சுவரைப் பிடித்தான். முதல் கட்டை ஏறினான். இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க ஏறி நின்று, ஸ்கூல் பிள்ளைபோல் என் முகத்தைப் பார்த்தான். அந்த உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இன்னும் ஒரு கட்டை," என்றேன். "பழகிக்கோ. நீ ஏறிட்டா செப்டம்பர்ல ஒண்ணா மலைக்குப் போகலாம்."

"நிஜமா நோரீன்?"

"நிஜமா."

சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டு, படியை இறக்கி, ஏறி, வண்டியைக் கிளப்பினேன். முற்றம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து, மூன்றாவது கட்டையை எடுத்து மேலே வைத்துக்கொண்டிருந்தான்.