தரையில் கிடக்கும் துணி

1

இந்தக் கதை ஒரு கேலியிலிருந்து வந்தது. சந்தைக்காக வள்ளிக்கிழங்கு கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏண்டி ஒடில், அந்த நீலத் துணிய இன்னும் தைக்கலியா? இடுப்ப அளக்க நாடா பத்தலையா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஒடில் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் முதுகைப் பார்த்தபடியே எனக்கு முதல் வாக்கியம் வந்தது. தவறான வாக்கியம்.

2

"நிக்கல் தோண்டிய மலை, தோலுரித்த மிருகம்போல—"

[வேண்டாம். பசிபிக்கில் எங்கள் நியூ கலிடோனியாத் தீவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஏற்கெனவே அதை உரித்துவிட்டார்கள்.]

"காகு பறவை பறக்காது. ஆண்டுக்கு ஒரே முட்டை, அதுவும் தரையில்—"

[உண்மைதான். ஆனால் பறவையில் தொடங்கினால் நீங்கள் இரக்கப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

3

எங்கள் பள்ளத்தாக்கில் தோண்டப்படாமல் மிஞ்சியது ஒடிலின் குலத்துக்குச் சொந்தமான மேட்டுக்காடு மட்டும். குலத்துக்காகப் பேசும் உரிமை அவள் அண்ணன் க்ளோவிஸுக்கு. அவன் சிறுநீரகச் சிகிச்சைக்காகத் தலைநகர் நூமேயா போயிருந்த வாரத்தில், சுரங்க நிறுவனத்திலிருந்து ஃபாபியென் என்ற இளைஞன் வந்தான். முற்றத்தில் நீலத் துணியை விரித்து, மேலே புகையிலைப் பொட்டலத்தை வைத்துத் தலைகுனிந்தான்.

"அத்தை, வெறுங்கையோட வரல. மேட்டுக்காட்டச் சும்மா பாத்துட்டுப் போக வழி கேக்குறோம்."

எங்களிடையே துணியோடு சேர்த்துச் சொல்லையும் தரையில் வைப்பார்கள். எடுத்தால் அந்தச் சொல்லுக்குச் சம்மதம். எடுக்காமல் விட்டால், வைத்தவனையே மண்ணில் கிடத்தியதாகும். அதைச் செய்யக் குலத் தலைவர்களுக்கே கை வராது. ஒடில் குனிந்து எடுத்தாள். பார்க்கத்தானே கேட்கிறான்?

[ஃபாபியெனை ஏமாற்றுக்காரனாக்கப் பார்த்தேன். ஒவ்வொரு பிரதியிலும் அவனுக்குக் கோணல் சிரிப்பு ஒன்று முளைத்தது. நிஜத்தில் அவனிடம் அது இல்லை. லிஃபு தீவுக்காரன், இதே வழக்கம் அவன் ஊரிலும் உண்டு, முறை பிசகாமல் செய்தான். பார்ப்பதற்கு மட்டும்தான் என்று அவனும் நம்பினான். கதையில் யாருமே பொய் சொல்லவில்லை என்றால் நான் யார்மேல் கோபப்படுவது?]

4

பார்ப்பதற்கு மண்ணைத் துளைக்கும் இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குப் பாதை வேண்டும். பாதை காட்டை நடுவில் பிளந்தது. இருபுறமும் மரங்கள் நிற்கின்றன. வரைபடத்தில் அது ஒரு கோடுதான். அந்தக் கோட்டில் லாரிகளுக்கு முன்னால் நாய்கள் ஏறின, தரையில் அடைகாக்கும் காகுகளைத் தேடி. மழையில் செம்மண் கரைந்து ஓடையில் இறங்கி, இறால்கள் ஒதுங்கும் கற்களின் இடுக்குகளை அடைத்தது.

(இடையில் ஒன்று: காகு விடியலில் நாய்க்குட்டி குரைப்பதுபோலத்தான் கத்தும். பின்னால் தேவைப்படும்.)

க்ளோவிஸ் திரும்பி வந்தான்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"எதுக்கு எடுத்த?"

"பின்ன? கெடக்கட்டும்னு விட்டுட்டு உள்ள போயி கிழங்கு வேக வைக்கவா? நீ இருந்தா மட்டும் எடுக்காம விட்டிருப்பியா?"

க்ளோவிஸ் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "எடுத்த கைதான் திருப்பிக் குடுக்கணும்," என்றான்.

5

ஒடில் துணியை மடித்து எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். தலைக்கவசம் அணிந்த ஒருவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"ஃபாபியென் எங்கப்பா?"

"ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டானேம்மா."

அவள் துணியை அவன் காலடியில் வைத்தாள். "எங்க சொல்ல நாங்க திருப்பி எடுத்துக்கிறோம். இத நீ வாங்கிக்க."

அவனும் தீவுக்காரன்தான், வாலிஸிலிருந்து வந்தவன்; துணி எதற்கென்று நன்றாகவே புரிந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஐயய்யோ, நான் எப்படிம்மா எடுக்கிறது? நான் மெஷின் ஓட்டுறவன்."

"அப்ப யாரு எடுப்பா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "தெரியலம்மா. ஆபீஸ்ல குனியிறவங்க யாரும் இல்ல."

6

முதல் முடிவு: துணியை அங்கேயே விட்டுவிட்டு இறங்குகிறாள். மழை பெய்கிறது. நீலம் மெல்லச் சிவப்பாக—

[அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.]

இரண்டாவது: விடியலில் மேட்டிலிருந்து குரைப்புச் சத்தம். ஒடில் பாயில் எழுந்து உட்கார்கிறாள். பறவை!

[இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "நாய்," என்றாள். "எனக்குத் தெரியாதா?"]

மூன்றாவது: நிறுவனம் மனம் மாறி—

[கை ஓடவில்லை.]

7

ஒடில் துணியைத் திரும்பக் கொண்டுவந்தாள்; நேற்றுவரை அது அவள் வீட்டுக் கொடியில் தொங்கியது. தைத்து உடுத்தினால் சம்மதம். திருப்பித் தரலாம் என்றால் வாங்க ஆளில்லை. கிழங்கு கட்டும் பெண்கள் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒடிலிடம் கேட்டு அதை வாங்கி வந்திருக்கிறேன். மடித்து உங்கள் முன்னால் வைக்கிறேன். கூடவே ஒரு சொல்: மேட்டின் அந்தப் பக்கம், நாய்கள் இன்னும் எட்டாத சரிவில், காகு ஒன்று முட்டையின்மேல் அமர்ந்திருக்கிறது. எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்காதீர்கள்; எனக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் என்ன என்பது மட்டும் தெரியும்.

தலைகுனிந்துவிட்டேன். உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒடில் என் பின்னால் நின்று உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.