பதினாலாம் நம்பர் வாக்கி-டாக்கி

திரையில் தெரிகிற எதையும் சன்னாசி நம்புவதில்லை. லாரி ஓட்டிய காலத்தில் ஒரு ஜிபிஎஸ் அவரை நிபோங் திபாலில் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கிவிட்டது. அன்றோடு சரி.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்து மண்டபத்தில் எல்லோரும் கைதட்டியபோது அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுவரில் விரித்த திரையில் மலை, படிகள், பந்தல்கள். ஒவ்வொரு தொண்டரின் வாக்கி-டாக்கியும் ஒரு புள்ளி. இதுவரை தொண்டர்கள் தனி, ஆம்புலன்ஸ் தனி, பொம்பா என்கிற தீயணைப்புப் படை தனி என்று இருந்த ரேடியோக்களை இந்தத் தைப்பூசத்துக்கு ஒன்றாக இணைக்கப் போகிறார்களாம். அதற்கான ரேடியோப் பெட்டிகளை மலையில் மாட்டும் முன்னால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தைப்பூசம் நடத்திப் பார்த்துவிட்டாள், இணைப்பு வேலையைச் செய்கிற இஞ்சினியர் ஷாஹிரா. எல்லாப் புள்ளியும் பச்சை; எவர் அழைப்பும் தடைபடவில்லை என்று அர்த்தம்.

"போன வருசமும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னீங்க," என்றார் சன்னாசி.

போன வருடம் பால்குடம் எடுத்த அவர் மனைவி ஜெகதீஸ்வரி, முந்நூறாவது படியில் மயங்கி விழுந்தாள். முதலுதவிக்காரப் பையன் ஸ்ட்ரெட்சர் கேட்டுக் கேட்டுப் பார்த்தான்; கால் மணி நேரம் யார் காதிலும் விழவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இந்த வருடமும் எடுப்பேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். சொன்னால் கேட்கிற ஆளா?

"இந்தா ஷாஹிரா, உன் கம்ப்யூட்டர்ல ஒரு ஆளு எவ்ளோ நேரம் பேசுறான்?"

"ஒரு தடவைக்கு ஆறு செகண்ட், அங்கிள்."

"ஆறா? அவனுங்கெல்லாம் நம்ம ஆளுங்கதானா? நம்மாளு வணக்கம் சொல்லி, சாப்டியான்னு கேக்கவே அரை நிமிசம் ஆவும்."

மண்டபமே சிரித்தது. ஷாஹிரா சிரிக்கவில்லை, பேனாவைக் கடித்தாள். ஒருவர் பொத்தானை அமுக்கிப் பேசுகிற வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. ஆறு செகண்டு அரை நிமிடமானால் கணக்கே வேறு.

"போன வருசப் பேச்சு பதிவாகி இருக்கா, அண்ணே?"

தொண்டர் தலைவர் மோகனராஜிடம் இருந்தது. யார் எத்தனை முறை, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை அப்படியே உள்ளே ஏற்றி, மறுபடி ஓடவிட்டாள். காலை ஏழு மணிக்குப் பச்சை. எட்டுக்கு நாலைந்து சிவப்பு. ஒன்பதுக்கு மலையே மிளகாய்ப்பழமாகிவிட்டது. முந்நூறாவது படியிலிருந்து போன அழைப்பு பதினாலு நிமிடம் காத்துக் கிடந்தது.

"பாத்தியா!" சன்னாசி எழுந்தே நின்றுவிட்டார். "எவன்டா அந்த வாயாடி? மொதல்ல அவன் வாக்கி-டாக்கியப் புடுங்குங்க!"

அதிகம் பேசினால் வட்டம் பெரிதாகும்; திரையில் ஒரு சிவப்பு வட்டம் மட்டும் தாம்பாளம் மாதிரி இருந்தது. பதினாலாம் நம்பர்.

"அங்கிள், உக்காருங்களேன்," என்றாள் ஷாஹிரா.

"யாருன்னு போடு லா!"

பதிவைப் போட்டாள். 'அலோ, தண்ணிப் பந்தல் பேசுறேன். ஐஸ் எங்க? மோர்ல தண்ணி கூடிப் போச்சு, எவன் கலக்குனது? அந்த வேன எடுக்கச் சொல்லு...' அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் குரல் மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில், கரகரவென்று ஒரு பையன் குரல்: 'ஸ்ட்ரெட்ச...' உடனே, 'ஆங், கப்பும் தீந்துபோச்சு!'

சன்னாசி உட்கார்ந்தார். குரல் அவருடையதேதான்; போன வருடத் தண்ணீர்ப் பந்தல் அவர் பொறுப்பு. அன்று காலை ஸ்ட்ரெட்சர் வரவில்லை என்று அவரும் மலையைத் திட்டினார், ரேடியோவைத் திட்டினார், அரசாங்கத்தைக்கூடத் திட்டினார்.

பின்வரிசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாப்பது வருசமா எனக்கே நடுவுல பேச எடம் குடுத்ததில்ல. ஆம்புலன்சுக்கா குடுக்கப் போறாரு?"

அப்புறம் சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வது?

ஷாஹிரா பந்தல்காரர்களைத் தனி அலைவரிசைக்கு மாற்றினாள். ஒரு தடவைக்குப் பத்து செகண்டுதான். அதற்கு மேல் 'பீப்'. அவசரம் என்றால் யார் பேச்சையும் வெட்டிக்கொண்டு உள்ளே வரும். ஓடவிட்டாள். பச்சை.

"படத்துல பாத்தது போதும்," என்றார் சன்னாசி. "மலையில செஞ்சு காட்டு."

அடுத்த வாரம் காட்டினார்கள். ஜெகதீஸ்வரி வெறுங்குடத்தோடு முந்நூறாவது படியில். கீழே பந்தல் போடும் இடத்தில் சன்னாசி, அதே பதினாலாம் நம்பரோடு. பிடுங்கத்தான் போகிறார்கள் என்று நினைத்திருந்தார். ஷாஹிராவோ, "உங்களால முடிஞ்ச வரைக்கும் பேசுங்க அங்கிள், உங்களத் தாண்டிப் போச்சுன்னா யாரத் தாண்டியும் போவும்," என்றாள். கூடவே இன்னும் முப்பது பேரைப் பேசச் சொல்லியிருந்தாள்.

அவர் ஐஸில் ஆரம்பித்து, மோருக்கு வந்து, பட்டர்வொர்த் பாலத்து நெரிசலுக்குப் போவதற்குள் 'பீப்'. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். நடுவிலேயே முதலுதவிப் பையனின் குரல் வெட்டியது:

"முந்நூறாவது படி. ஸ்ட்ரெட்சர் வேணும்."

நாலு பையன்கள் அவரைத் தாண்டிப் படியேறி ஓடினார்கள். சன்னாசி கடிகாரத்தைப் பார்த்தார். அதை நம்பாமல் மோகனராஜின் கடிகாரத்தையும் பார்த்தார். ஆறு நிமிடத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ரேடியோவில் ஜெகதீஸ்வரியின் குரல் வந்தது. "வந்துட்டாங்க. என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, என்னது?"

அவர் பொத்தானை அமுக்கினார். பத்து செகண்டு இருந்தது.

"பாத்து எறங்கி வா," என்று சொல்லிவிட்டு, மீதியைப் பேசாமல் விட்டார்.