எட்டுப் பேர் பிடித்த இலை

சூசைமுத்து சுருட்டை விட்டது மாடில்டாவுக்காக. இலையைப் பிடிக்கத் தொடங்கியது தனக்காக.

மாடில்டாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கியதும் இருவரும் புனித அன்னம்மாள் படத்துக்கு முன் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை அவள் வெற்றிலை போடமாட்டாள். அவன் சுருட்டைத் தொடமாட்டான்.

அவள் அன்றைக்கே வெற்றிலைப் பையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் அந்த வாரம் முழுக்கத் தாங்கினான்.

முதலில் பப்பாளி இலை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டமே பிடித்த இலை அது. தலை வலித்தது. பிறகு காய்ந்த லாலாங் புல். அதில் புகையைவிட நெருப்பு அதிகம், மீசை கருகியது. கடைசியில் யானைச்சுவடி. ரப்பர் மரங்களுக்கிடையே தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் செடி. ஈரச் சாக்கை எரித்தது போல நாறியது. ஆனால் புகை வந்தது.

புகையிலை வேறு, யானைச்சுவடி வேறு. அன்னம்மாளுக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. மாடில்டாவைப் பற்றித்தான் சந்தேகம்.

ஜப்பான்காரன் போனபின் திரும்பி வந்த வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு நான்காவது மாதம். காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். அரிசி, மருந்து, புகையிலை எதுவும் வெளியே போகக்கூடாது. போனால் காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச்சேரும். தேநீரில் சீனி இருக்கிறதா என்று காவலர் விரல் விட்டு நக்கிப் பார்த்தார். யானைச்சுவடிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது வெளியேதான் முளைத்தது.

சூசைமுத்துவும் மாடில்டாவும் அடுத்தடுத்த மர நிரைகளில் வெட்டினார்கள். மாடில்டாவுக்கு அந்தப் பக்கம் அர்ஜுனனின் நிரை. அது சரிந்து இறங்கிச் சதுப்பில் முடியும். அங்கே பால் வற்றிய கிழட்டு மரங்கள் சில நின்றன. யாரும் அவற்றை வெட்டுவதில்லை. பால் பிடிக்கும் மங்குகளை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தார்கள்.

மரங்களை வெட்டி முடித்தபின் பால் சொட்டி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாடில்டா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடுவாள். சூசைமுத்து வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சதுப்புப் பக்கம் போவான். கிழட்டு மரங்களின் மங்குகளில் இலையைக் காயப் போட்டிருந்தான். காய்ந்ததை வாழைச்சருகில் சுருட்டிப் பிடிப்பான்.

அர்ஜுனன் இரண்டாம் நாளே கண்டுபிடித்தான்.

“அண்ணே, எலி ஏதும் எரியுதா?”

“மூலிகைடா.”

“நேத்து இந்த மரத்துல ஒரு கொரங்குக் குடும்பம் இருந்துச்சு. இன்னைக்குக் காணோம்.”

“மாடில்டாகிட்ட சொல்லிடாத.”

“நான் எதுக்கு அக்காகிட்ட சொல்றேன்? அதுவா கேட்டா?”

“கேட்டாலும் சொல்லாத.”

“வேற யாராச்சும் கேட்டா?”

“யார் கேட்டாலும்.”

அர்ஜுனன் பால் வெட்டும் கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தியம் செய்தான். ஆயுத பூஜையில் பொட்டு வைத்த கத்தி. அதைத் தொட்டுச் சொன்னதை மாற்றினால் கை விளங்காது என்று அவன் வீட்டில் நம்பினார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சதுப்போரமாக ரோந்து வந்தது. குவாலா சிலாங்கூருக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார ஆபீசர் முன்னால் நடந்தார். கிழட்டு மரத்தடியில் புல் நசுங்கியிருந்தது. சுற்றிலும் இலைச்சுருட்டுத் துண்டுகள். மங்குகளில் இலை காய்ந்துகொண்டிருந்தது.

ஆபீசர் துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார். எண்ணினார். எட்டுப் பேர், இரண்டு நாள் தங்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டார். புகையிலை கிடைக்காதவன்தான் இலையைப் பிடிப்பான். புகையிலை கிடைக்காதவன் காட்டில் இருக்கிறவன். இதில் தவறு கண்டுபிடிக்க அவருடன் வந்தவர்களால் முடியவில்லை. தோட்ட ஆபீசுக்குப் போய் டெலிபோனில் மேலிடத்துக்குச் சொன்னார். பிறகு, அது யாருடைய நிரை என்று கேட்டார்.

அர்ஜுனனைக் கூட்டிவந்து ஆபீசில் தரையில் உட்காரவைத்தார்கள்.

“யார் வந்தது?”

“தெரியாது தொர.”

“யார் பிடிச்ச துண்டு?”

“தெரியாது தொர.”

அவன் தெரியாது என்று சொன்ன விதம் தெரிந்தவன் சொல்வதுபோல் இருந்தது. கேட்டதை மொழிபெயர்த்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிவானந்தத்துக்கே அப்படித்தான் பட்டது.

சூசைமுத்து பால் வாளிகளோடு ஸ்டோருக்கு வந்தபோது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னார்.

“அர்ஜுனனைப் புடிச்சாச்சு. சாயங்காலம் லோரி வருது.”

“எங்க கொண்டுபோறாங்க?”

“முதல்ல குவாலா சிலாங்கூர். அப்புறம் தடுப்பு முகாம். அப்புறம் கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினம்.”

“அவன் இங்க பொறந்தவன் மண்டோரே. நாகப்பட்டினம் எந்தப் பக்கம்னே அவனுக்குத் தெரியாது.”

“கப்பக்காரனுக்குத் தெரியும்லா.”

சூசைமுத்து வாளிகளை இறக்கிவைத்தான். மாடில்டா நிறுவைக்காக வரிசையில் நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்கு நடந்தான்.

துண்டுகளை மேசைமேல் ஒரு தாளில் குவித்திருந்தார்கள். பக்கத்தில் இலையும் வாழைச்சருகும். அர்ஜுனன் கதவோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்தவன் மாதிரி இல்லை. கூச்சப்பட்டவன் மாதிரி இருந்தான்.

“அது என்னோட துண்டு, தொர,” என்றான் சூசைமுத்து.

சிவானந்தம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆபீசர் ஏதோ கேட்டார்.

“எதுன்னு கேக்கிறார்.”

“எல்லாம்.”

“இது எட்டுப் பேர் பிடிச்சதாம்.”

“நான் ஒருத்தன்தான். ஒரு மாசமா.”

“கடையில உனக்குச் சுருட்டு கிடைக்குதா இல்லையா?”

“கெடைக்குதுங்க.”

“சாயங்காலம் கேட்டுக்குள்ள உக்காந்து பிடிக்கிறதை யாராவது தடுத்தாங்களா?”

“இல்லீங்க.”

“பிறகு எதுக்கு இந்தச் சனியன்?”

“நேர்ச்சைங்க. புள்ள பொறக்கிற வரைக்கும் சுருட்டு தொடக்கூடாது.”

சிவானந்தம் நெடுநேரம் மொழிபெயர்த்தார். ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரிக்காமல் தலையசைத்தார். கூட்டாளியைக் காப்பாற்ற ஆள் வருவான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்துவிட்டான்.

“உன் பெண்டாட்டியைக் கூப்பிட ஆள் போயிருக்கு,” என்றார் சிவானந்தம்.

மாடில்டா கைலியில் பால் தெறிப்புகளோடு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வயிறு இப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

“உன் புருஷன் புகை பிடிப்பானா?”

“மாட்டாருங்க.”

“மாடில்டா,” என்றான் சூசைமுத்து.

“இருங்க, கேக்குறாங்கல்ல.” அவள் கிராணி பக்கம் திரும்பினாள். “முன்ன புடிச்சாரு. நாளு முழுக்கப் புகையிற மனுசன். அன்னம்மாளுக்கு நேர்ந்ததிலேருந்து ஒன்னு தொட்டதில்ல. இந்தத் தோட்டத்துல எந்த ஆம்பளைக்கு இந்த வைராக்கியம் இருக்கு, சொல்லுங்க?”

“இலை, கிலை ஏதாவது?”

“எதுவும் கெடையாது. ராத்திரி பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? வேணும்னா வேதபுஸ்தகத்துமேல சத்தியம் பண்றேன்.”

கல்யாணமான ஏழு வருசத்தில் அவள் அவனைப் பிறர் முன்னால் புகழ்ந்ததில்லை. ஆபீசர் அதை எழுதிக்கொண்டார். அர்ஜுனன் முழங்காலில் முகத்தைப் புதைத்தான்.

வெளியே லோரி வந்து நின்றது.

“அவளுக்குத் தெரியாதுங்க,” என்றான் சூசைமுத்து. “வயித்து வலின்னு சொல்லிட்டுப் போய்ப் புடிச்சேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள பால் நாத்தத்துல அந்த நாத்தம் போயிரும்.”

மாடில்டா அவனைப் பார்த்தாள்.

“அந்த இலையில கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்க கிராணியய்யா. சுத்திக் காட்டுறேன்.”

ஆபீசர் யோசித்தார். இலையையும் சருகையும் மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து சிகரெட் டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எது வேணுமோ எடுத்துக்கோன்னு சொல்றார்,” என்றார் சிவானந்தம். குரலைத் தாழ்த்தினார். “பாத்து எடு. இது இருக்கும்போது எவனும் அதைத் தொடமாட்டான் என்கிறார். நீ சிகரெட்டை எடுத்தா அவன் லோரியில ஏறுவான்.”

புது டின். வாசனை மேசையைத் தாண்டி வந்தது. சூசைமுத்துவின் வாயில் எச்சில் ஊறியது. அவன் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

இலையை எடுத்தான்.

உள்ளங்கையில் கசக்கி, சருகில் பரப்பி, தொடையில் வைத்து உருட்டினான். ஓரத்தை நக்கி ஒட்டி, ஒரு நுனியை உள்ளே மடித்துத் திருகினான். அந்தத் திருகு மேசைமேல் கிடந்த ஒவ்வொரு துண்டிலும் இருந்தது. ஆபீசர் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தீப்பெட்டியைக் கொடுத்தார்.

ஆபீஸ் சிறியது. முதல் சுருட்டில் சிவானந்தம் ஜன்னலுக்குப் போனார். ஆபீசருக்குக் கண்ணில் நீர் வந்தது. ஒருவனால் தினம் இதைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். சூசைமுத்து பதிலுக்கு இரண்டாவதைச் சுருட்டினான். அது பாதி எரிந்தபோது ஆபீசர் ஐந்தடி தள்ளி நின்றார். மூன்றாவதைச் சுருட்டியபோது அவர் வெளியே இருந்தார்.

“போதுமாம்,” என்றார் சிவானந்தம், ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்தபடி.

மாடில்டா இருமவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஆபீசர் வாசலிலிருந்து அர்ஜுனனைக் கேட்டார். உனக்குத் தெரியுமா?

அர்ஜுனன் தலையைத் தூக்கினான். “சொல்லலாமாண்ணே?”

“சொல்லித் தொலைடா.”

“தெரியும் தொர.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு கத்தியத் தொட்டுச் சத்தியம் வாங்கிட்டாரு. தொரைக்கு மட்டும் விதிவிலக்குன்னு சொல்லல.”

சிவானந்தம் இதை மொழிபெயர்க்க விரும்பவில்லை. ஆனாலும் செய்தார்.

லோரி காலியாகத் திரும்பியது. ஆபீசர் அர்ஜுனனை விட்டுவிட்டார். எட்டுப் பேரை விடவில்லை. அவர்கள் ஏற்கெனவே டெலிபோனில் போய்விட்டார்கள். எட்டை ஒன்றாக்கினால் மேலே காரணம் கேட்பார்கள். இந்தக் காரணத்தை அவர் மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

லயத்துக்குப் போகும் பாதையில் மாடில்டா முன்னால் நடந்தாள். குழாயடி தாண்டியபின் நின்றாள்.

“அந்த டின்ன ஏன் எடுக்கல?”

“எப்படி எடுப்பேன்? அர்ஜுனன் போயிருப்பானே.”

“அவன் இல்லாட்டி?”

“நேர்ந்திருக்கோம்ல.”

“ம்.”

“இலைக்கு அன்னம்மா ஒன்னும் சொல்லமாட்டா, புள்ள.”

“அன்னம்மா சொல்லமாட்டா. நான் சொல்லுவேன்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “வெத்தல இல்லாம நான் மாவிலையா மென்னேன்? வெள்ளக்காரன் முன்னால நின்னு வைராக்கியம்னு சொன்னேனே. அந்த மனுசன் அத எழுதி வச்சிருக்கான்.”

சூசைமுத்து தொடையில் ஒட்டியிருந்த இலைத்தூளைத் தட்டிவிட்டான்.

“இனி?”

“இனி இல்ல.”

“எது இல்ல?”

அவன் சிறிது யோசித்தான். “எதுவும் இல்ல.”

“அத அன்னம்மா படத்து முன்னாலயே சொல்லியிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

மறுநாள் அர்ஜுனன் பால் வெட்டுமுன் தன் நிரையைக் கடைசி மரம்வரை விளக்குமாற்றால் பெருக்கினான். கிழட்டு மரங்களின் மங்குகளைக் கழற்றி மண்டோரிடம் கொடுத்தான். சூசைமுத்துவின் வயிறு சரியாகிவிட்டது. பால் சொட்டும் நேரத்தில் மாடில்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈர்க்குச்சியைக் கடித்தான்.

அடுத்த வாரம் விமானம் ஒன்று ரப்பர் மரங்களை உரசுவதுபோல் தாழப் பறந்தது. வெள்ளைத் தாள்கள் கொட்டின. கிளைகளில் சிக்கின. பால் மங்குகளில் விழுந்தன. பாலெல்லாம் பாழ் என்று மண்டோர் வானத்தைப் பார்த்துத் திட்டினார்.

சூசைமுத்து மங்கிலிருந்து ஒரு தாளை எடுத்தான். ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் தமிழ்.

“என்ன போட்டிருக்கு?” என்று மாடில்டா அடுத்த நிரையிலிருந்து கேட்டாள்.

அவன் வாசித்தான். “காட்டில் ஒளிந்திருக்கும் தோழர்களே. புகையிலைகூட இல்லாமல் எத்தனை நாள் இலையைப் புகைப்பீர்கள்? வெளியே வாருங்கள். இந்தத் தாளைக் காட்டிச் சரணடைகிறவர்களுக்கு நல்ல சாப்பாடும் சிகரெட்டும் கொடுக்கப்படும்.”

“எட்டுப் பேருக்குமாண்ணே?” என்றான் அர்ஜுனன் தூரத்திலிருந்து.

மாடில்டா தன் மங்கிலிருந்து ஒரு தாளை இரண்டு விரலால் தூக்கி, பாலை வடியவிட்டாள்.

“போய்ச் சரணடைங்க,” என்றாள். “எட்டுப் பேரும்.”

அவன் கையிலிருந்த தாளைத் தடவிப் பார்த்தான். நனையாத பகுதி மெல்லியதாக இருந்தது. சுருட்டுவதற்கு வாழைச்சருகைவிட நல்லது. அவன் அதைக் கவனித்தான். அவன் கவனித்ததை மாடில்டா கவனித்தாள்.

நிரையைக் கடந்து போய் அவளிடம் தாளை நீட்டினான். அவள் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.