முடிச்சும் மாமியாரும்

என் மாமியார் வாய் திறந்தால் தெருவே நின்று கேட்கும். என்னிடம் மட்டும் பேசமாட்டார். அவரைக் கேட்காமல் அவர் மகளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இதே கதைதான். நான் எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பேன். "உன் வீட்டுக்காரருக்கு டீ வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம்.

விடுமுறைக்குப் படகு எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். கால்வாயில் நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். உள்ளேயே அடுப்படி, படுக்கை எல்லாம் உண்டு. அதற்குள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். இந்த நெருக்கடியில் மனுஷி எப்படிப் பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். இருந்தார்.

"அந்தக் கரையில கொக்கு நிக்குது, உன் வீட்டுக்காரர பாக்கச் சொல்லு."

என் முழங்கை அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் வாயால் ஒரு தடவை 'மாப்பிள்ளை' என்று கேட்டுவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

மறுநாள் கால்வாய் பள்ளத்துக்கு இறங்கும் இடம் வந்தது. அங்கே முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்தால், படகும் கூடவே இறங்கும். மதகைத் திறக்க என் மனைவி கரையேறிப் போனாள். கயிறு என் பொறுப்பு.

படகு கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "கட்டிடாதீங்க சார். ஒரு சுத்து சுத்திக் கையில புடிங்க. தண்ணி எறங்க எறங்க விட்டுக் குடுங்க."

யாரிடம் சொல்கிறார்? லாரியில் சரக்கு ஏற்றிக் கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் போட்ட முடிச்சு மலைப்பாதையில்கூட நெகிழ்ந்ததில்லை. கரையிலிருந்த இரும்பு முளையில் இழுத்து ஒரு கட்டுக் கட்டிவிட்டு, மாமியார் பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. கயிற்றில் தொங்கியபடி ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. அடுப்படியில் தட்டுகள் சரிந்தன. நான் முடிச்சோடு மல்லுக்கட்டினேன். என் முடிச்சல்லவா, அசைவேனா என்றது.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். கையில் காய் நறுக்கும் கத்தி.

"ஏண்டி! உன் வீட்டுக்காரர கயித்த அறுக்கச் சொல்லு!"

தண்ணீர் இரைச்சலில் மகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேலேயிருந்து சிரித்துக்கொண்டே கையசைத்தாள். படகு இன்னும் சாய்ந்தது. மாமியார் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அறுங்க மாப்பிள்ள!"

கத்தியை வாங்கினேனே தவிர, கை ஓடவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க அத்தை?"

"காது செவிடாப் போச்சா? அறுங்கங்கறேன்!"

அறுத்தேன். தொப்பென்று விழுந்து, தலையோடு காலாக இருவரையும் நனைத்துவிட்டுப் படகு நேரானது. அப்போது ஆரம்பித்தவர்தான். இது ஒரு கட்டா, இந்த லட்சணத்துல சரக்கு வேற கட்டுறீங்களா, உங்கள நம்பிப் பொண்ணு எப்படித்தான் வந்தாளோ என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். நான் ஈரச் சட்டையோடு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

மதகை மூடிவிட்டு மனைவி அரக்கப் பரக்க ஓடிவந்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு? அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

"நீ சும்மா இருடி. நான் என் மாப்பிள்ளகிட்ட பேசிட்டிருக்கேன்."