கோட்டோடு நின்றவள்

"அவ்வளவுதானா?" என்று ஹில்மா கேட்டாள். எர்வின் அதற்குள் தாள்களை மடித்துவிட்டிருந்தான்.

கோதென்பர்க் மீன் சந்தையில் நாளெல்லாம் நின்று மீன் அறுத்துவிட்டு வந்திருந்த ஹில்மா, வீங்கிய கால்களைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தாள். எர்வின் அவள் வீட்டில் குடியிருப்பவன். பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரத்துப் பத்திரிகையில் நிருபராக இருந்தவன். யூதன் என்று முதலில் வேலையைப் பறித்தார்கள், அப்புறம் குடியுரிமையை. மிஞ்சிய உயிரோடு ஸ்வீடனுக்குத் தப்பி வந்து மீன் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து அவன் எழுதுவதை ஒருநாள் ஹில்மா பார்த்தாள். மறுநாளே சமையலறை மேசையைக் காலி செய்து கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பிட்டது அடுப்போரம் நின்றபடிதான். ஏன் என்று கேட்டதற்கு, "நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்குது" என்றாள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எர்வினுக்குத் தெரியவில்லை.

இப்போது அவன் அந்தத் தாள்களிலிருந்து தட்டுத்தடுமாறி ஸ்வீடிஷில் மாற்றிச் சொன்னது, பிரெஸ்லாவில் அவன் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்த லெவினைப் பற்றி. கையில் ஒட்டிய மாவோடு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எர்வின் கண்ணால் கண்டது அது. எந்தப் பத்திரிகையும் அச்சிடத் துணியாதது. அவருடைய கோட்டைக் கையில் ஏந்தியபடி மனைவி வாசலில் நின்றாள். எழுத்து அங்கே நின்றுபோயிருந்தது.

"அவர் திரும்பி வந்தாரா?"

"தெரியாதுங்க."

"அந்தப் பொம்பள?"

"அதுவும் தெரியாது. அடுத்த வாரமே நான் ஓடி வந்துட்டேன். தெரியாததை எழுதினா அது பொய்."

ஹில்மா காலைத் துடைத்தாள். "நல்ல ஆளுப்பா நீ. கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அவ எவ்வளவு நேரம்தான் நிப்பா? உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வை. பொய்யா நிஜமாங்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

எர்வினுக்குக் கோபம் வந்தது. சரிபார்க்காத ஒரு வரியைக்கூட அச்சுக்கு அனுப்பாதவன் அவன். ஆனாலும் ஞாயிறு காலையில் மேசை முன் உட்கார்ந்து, அந்தப் பெண்ணை வீட்டுக்குள் அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தான். அவள் கோட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. அவன் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் இறக்கமாட்டாள் என்று தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். டிராம் ஓட்டுபவன் வந்தான். பறிபோனது என்று அவன் நினைத்திருந்த தெரு முழுக்க ஒவ்வொருவராக அந்த வீட்டுக்குள் வந்து நின்றது. எழுதுகிற கையை நிறுத்தாமல் அழுதான்.

அது நாவலாக வளர்ந்து, ஸ்வீடிஷில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தபோது முதல் பக்கத்தில் சமர்ப்பணமாக ஹில்மாவின் பெயர் இருந்தது. "எதுக்குப்பா இதெல்லாம்? சந்தையில என்னை ஓட்டியே கொன்னுடுவாளுங்க" என்று சிடுசிடுத்தாள். ஆனால் மறுநாள் புத்தகம் வீட்டில் இல்லை.

மதியம் எர்வின் மீன் சந்தைக்குப் போனான். கவிழ்த்த பெட்டிகளில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஹில்மா எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவன் பிறந்த தெருவின் பெயர் அவள் வாயில் இரண்டாக உடைந்து, கோணலாக வந்தது. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூணோரம் நின்றான்.

"அந்தத் தெரு எங்க இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"ஆத்துப் பாலம் தாண்டி வலது பக்கம்டி" என்றாள் ஹில்மா, தினமும் நடந்து போனவளைப்போல.

கேட்டவள் ரொட்டியைக் கடித்தபடியே வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.