தெற்கே இல்லாத நிலம்

"நீ தலைமாட்டுப் பக்கம் தூக்கு, நான் கால்மாட்டுப் பக்கம் பிடிச்சுக்கறேன்" என்றார் சித்தப்பா. அவர் சொன்னது மேசையை.

மகள் தூக்கினாள். மேசை விரல் அளவு எழும்பியது. அதன் மேலிருந்த உலகம் மெல்ல நெளிந்தது. "வைங்க சித்தப்பா, கடல் பிரியுது" என்றாள்.

அவளுடைய அப்பா அன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். வண்டி வந்துகொண்டிருந்தது. அவரைக் கூடத்தில் கிடத்த வேண்டும் என்பது சித்தப்பாவின் முடிவு. கூடத்தை அடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசை நின்றது. மேசையை அடைத்துக்கொண்டு, எப்போதோ நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஐரோப்பியன் வரைந்த உலகப் படம் கிடந்தது. அதை அப்படியே அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டி, திரும்பச் சேர்க்கிற ஜிக்சா புதிர் என்று விற்கிறார்கள். அப்பா ரிட்டயர் ஆனபோது மகள்தான் காசு கொடுத்து இந்த வினையை வாங்கி வந்தாள்.

அப்பா காலமெல்லாம் நிலம் அளந்தவர். தெருவே அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிட்டது. கண்ணால் பார்க்காத நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அந்தப் படத்திலோ தெற்கே, அடிப்பக்கம் முழுக்க ஒரு மகா கண்டம் படுத்திருந்தது. ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை. வடக்கே இவ்வளவு நிலம் இருந்தால் தெற்கேயும் இருக்கத்தானே வேண்டும் என்று வரைந்தவனாகவே முடிவு கட்டிவிட்டான்.

"மலை வேற போட்டிருக்கான் பாரு, அயோக்கியன்" என்று அப்பா கொதித்தார். கடலில் வாய் பிளந்த பூதங்களைக்கூட மன்னித்துச் சேர்த்துவிட்டார். அந்தக் கண்டத்தை மட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தார்.

படம் முடிகிற வரை மேசையைக் கேட்பதில்லை என்று அம்மா வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வீட்டில் எல்லாரும் மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். "இல்லாத ஊருக்காக இருக்கற மேசையப் பறிகொடுத்தேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புலம்புவாள்.

இன்று அவள் ஒரே வீச்சில் அத்தனையையும் வாரிக் கொட்டிவிடுவாள் என்று மகள் பயந்தாள். அப்பா நேற்று வரை கை வைத்திருந்தது அது ஒன்றில்தான். அதுவும் போய்விட்டால் தாங்காது என்று தோன்றியது.

ஆனால் அம்மா, "முடியாம எடுக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். காலையிலிருந்து அவள் பேசியது அவ்வளவுதான். அழவும் இல்லை.

"அவ்வளவுதானே, முடிச்சுட்டாப் போச்சு" என்றார் சித்தப்பா.

"முழுசா சேர்ந்துட்டா மேல பசை தடவி ஒரே தகடாத் தூக்கிடலாம். அப்புறம் சட்டம் போட்டு மாட்டிக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். மகளுக்கு உயிர் வந்தது. அவளே டப்பாவைத் திறந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். டாக்டர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு துண்டை அழுத்தும்போதும் "கொஞ்சம் அழுத்தம் தெரியும்" என்றார். வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்த எதிர்வீட்டம்மா, மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த மலை இங்க வரும்" என்று கை காட்டினாள். வந்தது. வண்டி எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்ததில் சித்தப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம்.

அம்மா ஈரத் தலையோடு வந்தபோது உலகம் முழுசாக இருந்தது. டாக்டர் பசைப் புட்டியைத் திறந்து தயாராக நின்றார்.

"முடிஞ்சுது அண்ணி" என்றார் சித்தப்பா, தானே கண்டுபிடித்த கண்டம் மாதிரி.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தெற்கு ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரு துண்டைக் கிளப்பினாள்.

"என்னம்மா பண்றே?"

"டாக்டர், பசைய மூடுங்க" என்றாள் அம்மா. "இத ஒட்டிட்டா அவர் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

மகள் டப்பாவை அம்மாவின் கைக்குக் கீழே நீட்டினாள்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் வாசலில் நின்று, "எங்க வைக்கணும்?" என்றார்கள்.

"உள்ரூம் கட்டில்ல. எப்பவும் அவர் படுக்கற பக்கம்."

"அண்ணி, கூடத்துல வெச்சாத்தானே மரியாதை" என்றார் சித்தப்பா.

"மரியாதையத்தான் பாத்துட்டிருக்கேன். கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க தம்பி. இன்னும் கொஞ்சம் நிலம் பாக்கி இருக்கு."

அவர்கள் நின்றார்கள். கனம் தாங்காமல் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான். டப்பாவில் துண்டுகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியும் விழுந்தபின் தெற்கே மேசையின் வெறும் மரம் தெரிந்தது. அம்மா அதை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.