அடையாள அட்டை இல்லாத சாமி

1952-ஆம் ஆண்டு கோலா பிலாவுக்கு அருகிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்காகக் கடவுள் கைது செய்யப்பட்டார். அவரைக் கூப்பிட்டவள் பால்மரம் வெட்டும் பஞ்சாலை. வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் என்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்பதால் வேலியைத் தாண்டி யாரும் சோறு கொண்டுபோகக் கூடாது. அவள் புருஷன் சன்னாசி பசி தாங்காதவன். ஒரு கவளத்தை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகையில் கேட்டில் அகப்பட்டான். விசாரணை இல்லாமல் சிரம்பான் பக்கம் ஒரு தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பஞ்சாலை மாரியம்மனிடம் அழுதாள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி தேவதாஸ் சொன்னாரென்று மாதாவுக்கு மெழுகுவத்தியும் ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை.

மாதம் ஒருமுறை சினிமா காட்டும் படலாரி வந்து திடலில் வெள்ளைத்துணி கட்டும். எப்போதும் ஒரே சிரிப்புப் படம்தான். அதில் கடவுளே இல்லை என்று சாதிக்கும் தையல்காரன் ஒருவன், இருந்தால் முன்னால் வந்து நில் என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்துவான். ஜிகினாக் கிரீடத்தோடு கடவுள் உடனே வந்து நிற்பார். அவன் அவரை நாடகக்காரர் என்று நினைத்து, காஜா எடுக்க உட்காரவைப்பான். சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பஞ்சாலைக்கு எரிச்சல்தான் வந்தது. இல்லை என்பவன் கூப்பிட்டால் ஓடி வருகிறார், உண்டு என்பவள் கூப்பிட்டால் காது கேட்பதில்லை. ஒருநாள் எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்று, புருஷனை மீட்டுத் தரும்படி கேட்டாள். கடவுள் ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"பொறு மகளே, இவன் முதலில் அழைத்தான்."

அடுத்த மாதமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாதமும் அதேதான். தீபாவளிக்கு முந்திய படத்தின்போது அவள் பொறுமை போய்விட்டது. "நீ சாமியா வேஷமா? சாமின்னா எறங்கி வா லா" என்றாள்.

இறங்கி வந்தார். படத்தில் இருந்த அதே சாம்பல் நிறம். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேராகக் கேட்டை நோக்கி நடந்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அட்டை கேட்டார், இல்லை. தோட்டத்து ஆளா என்று கிராணியை விசாரித்தார்கள். ஆள்பெயர் பதியும் செக்ரோலில் இவர் பெயர் கிடையாது, தன் மாதா கோயிலிலும் பார்த்ததில்லை என்றார் தேவதாஸ். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் சன்னாசியோடு திரும்பி வருவார் என்று பஞ்சாலை காத்திருந்தாள். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. முகாமுக்குப் பார்க்கப் போனபோது, சாமி தன் பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறார் என்று கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து சன்னாசி சொன்னான்.

"வெளிய கொண்டாந்து விடுன்னா, அவரும் உள்ள போயி உட்காந்துகிட்டாரா?"

"பக்கத்துல ஆளு இருக்கறது நல்லாத்தான் இருக்கு புள்ள" என்றான் சன்னாசி.

அவனை விடுவிக்க மேலும் மூன்று வருடமாயிற்று. படலாரி வந்துகொண்டுதான் இருந்தது. தையல்காரன் ஆகாயத்தைப் பார்த்துக் கத்துவான், யாரும் வரமாட்டார்கள், சனங்கள் சிரிக்கிற இடத்தில் சிரித்தார்கள். அவன் விடுதலைக்கு வெகுமுன்பே, அடுத்தமுறை முகாமுக்குப் போகும் வழியில் பஞ்சாலை சிரம்பானில் இறங்கி, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கைலி எடுத்தாள். இந்த வெக்கையில் ஜிகினா உடுப்போடு ஒரு மனுசன் எத்தனை நாளைக்குத்தான் இருப்பார் என்று கடைக்காரரிடம் குறைபட்டாள். அவரும் வாஸ்தவம்தான் என்று சொல்லி, இரண்டையும் மடித்துக் கட்டிக் கொடுத்தார்.